பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா?

பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் விபத்து. ஓடவில்லை என்றால் கொலை.

இன்ஸ்பெக்டர் வழக்கை இப்படி இரண்டே வரியில் முடித்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கொட்டகையின் சாவியைத் தராசின் கையில் வைத்தார். பிடித்து வந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் இடம் அது. பார்க்கலாம், தொடலாம், எதையும் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்றார். போகிற போக்கில் லாக்கப் பக்கம் கையைக் காட்டி, "மகா அழுத்தக்காரன். பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொண்டார்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் வேலை பார்த்த காலத்தில், மணலில் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை, டிரைவர் இறங்கி நடக்கிற நடையை வைத்தே பிடித்துவிடுவார். வேலை போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. துப்பறிகிற பழக்கமும் தங்கிவிட்டது. கூட வந்தவன் பஞ்சர். டயர் கடையில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன். யாராவது பெருமை பேசினால் அந்த இடத்திலேயே காற்றைப் பிடுங்கிவிடுவான்.

கொட்டகைக்குள் மூக்கன் நின்றது. கல் உடைக்கிற கிரஷரில் எல்லோரும் அந்த வண்டியை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீண்ட மூக்கு, உருண்டைக் கண் விளக்கு, ஆள் உட்காரலாம் போல ஒரு இரும்பு பம்பர், முன்னால் ஒரே நீள சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. இந்த மாதிரி வண்டி இப்போது கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும்தான் வாடகைக்குப் போகும். இது கல் சுமந்தது. பழைய இரும்புக் கடையில் எலும்பாகக் கிடந்ததை வாங்கி, இப்போது லாக்கப்பில் இருக்கும் டிரைவர் தன் கையாலேயே உயிர் கொடுத்து, கிரஷரில் சொந்த வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டியும் அதை ஓட்டும் உரிமமும்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து.

நடந்தது இதுதான். மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கடைசி லோடைக் கொட்ட மூக்கன் பின்னால் வந்தது. கல் கொட்டும் தொட்டியின் சுவருக்கும் வண்டியின் பின்கதவுக்கும் நடுவில், சக்கரத்துக்குக் கட்டை போட மைத்துனன் குனிந்திருந்தான். டிரைவருடைய மனைவியின் தம்பி. அந்த வண்டியிலேயே கிளீனராக இருந்தவன். அவன் கத்தியது கிரஷர் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் வண்டிக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் மூக்கன் நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டிரைவர் போலீசிடம் சொன்னது ஒரே வாக்கியம். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கேட்கவில்லை. போலீஸ் மூக்கனில் ஏறிப் பாட்டு செட்டைப் போட்டுப் பார்த்தது. சத்தமே வரவில்லை. முதல் நாள் மாலை மாமனும் மச்சானும் சட்டையைப் பிடித்துக்கொண்டதைக் கிரஷரே வேடிக்கை பார்த்திருந்தது. "நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடுவேன்" என்று மைத்துனன் கத்தியதும் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

டிரைவரின் மனைவி, தான் சாக்குத் தைக்கிற இடத்திலிருந்து நேராகத் தராசிடம் வந்திருந்தாள். தலைமுடியில் சணல் தூசி. அழவில்லை. போலீஸ் மூக்கனை இழுத்து வந்த இழுப்பில் செட்டு கெட்டுப்போயிருக்கும், பாட்டு ஓடியது என்று மட்டும் நிரூபித்துவிடுங்கள் போதும் என்றாள். அதைத் தவிர அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தரையாவது விடச் சொல்லுங்க சார்."

தராசு டிரைவர் இடத்தில் ஏறினார். பஞ்சர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான். இந்த சீட்டில் உட்கார்ந்தவன் பொய் சொல்ல முடியாது, ஸ்பிரிங்கே குத்திக் குத்தி உண்மையை வாங்கிவிடும் என்றான். தராசு சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் பொருத்தியிருந்த புது செட்டு விழித்துக்கொண்டது. நீலமும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கோடுகள் எழும்பி எழும்பி ஆடின. பாட்டின் தாளத்துக்குத் தகுந்தபடி ஆடுகிற வகை. கோடுகள் குதித்தன, தாழ்ந்தன, மறுபடி குதித்தன. சத்தம் மட்டும் இல்லை.

"மேடை இருக்கு, லைட்டு இருக்கு, நாம ரெண்டு பேர் கூட்டமும் வந்தாச்சு" என்றான் பஞ்சர். "பாடுறவரை மட்டும் காணோம்ணே."

தராசு சீட்டைத் தூக்கினார். அடியில் பளபளவென்று ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. செட்டிலிருந்து வருகிற பாட்டுக்கு வலு ஏற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அதற்குப் போகிற ஒயரின் ஃபியூஸ் கருகிப் போயிருந்தது. செட்டுக்கு வேறு ஒயர். ஆகவே விளக்கு ஆடும், ஸ்பீக்கர் பேசாது.

ஃபியூஸ் எப்போது போனது? போலீஸ் இழுத்து வந்தபோது போயிருந்தால் டிரைவர் சொன்னது உண்மை. அதற்கு முன்பே போயிருந்தால் டிரைவர் சொன்னது பொய். கையில் இருந்தது இந்த ஒரு நூல்தான். அதன் மறுமுனை செட்டு மாட்டிய கடையில் இருந்தது.

கடைக்காரரின் பட்டப்பெயர் ஊஃபர், அடித்தாளம் முழங்குகிற பெரிய ஸ்பீக்கரின் பெயர். தொழிலாலும் வந்த பெயர், வயிற்றாலும் வந்த பெயர். உள்ளே நுழைந்ததும் பஞ்சர் அந்த வயிற்றைப் பார்த்துவிட்டு, எத்தனை இன்ச் பாக்ஸ் என்று விசாரித்தான். ஊஃபர் கோபிக்கவில்லை. மூக்கனின் பேச்சை எடுத்ததும் அவர் முகத்தில் ஒரு தாய்ப் பாசமே வந்துவிட்டது. தன் கையால் செய்ததிலேயே அதுதான் பெரிய வேலை என்றார். பழைய வண்டியில் ஸ்பீக்கர் வைக்க இடமே இருக்காதாம். கதவின் உள் தகரத்தை அறுத்து, சீட்டுக்கு அடியில் பாக்ஸைச் சொருகி, பேட்டரியிலிருந்து புதிதாகக் கனத்த ஒயர் இழுத்து, தரையைப் பிரித்து, மூடி, வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்ததாகச் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தகரம் என்றார்.

"பழைய வண்டி ஒரு தகர டப்பா சார். பாட்டு போட்டா கூடவே கதவும் பாடும், தரையும் பாடும். அதனால உள்ள மொத்தமும் ரப்பர் ஷீட் ஒட்டினேன். கதவு, தரை, முதுகுப் பக்கத் தகரம், ஒரு இடம் விடலை. இப்போ போய்த் தட்டிப் பாருங்க. தலையணையில குத்தின மாதிரி இருக்கும்."

தராசு ஃபியூஸைப் பற்றிக் கேட்டார். ஊஃபரின் குரல் கொஞ்சம் இறங்கியது. சரியான ஃபியூஸ் அன்று கையிருப்பில் இல்லை. தற்காலிகமாகச் சின்னது ஒன்று போட்டார். சத்தத்தை முழுக்கத் திருப்பினால் கருகிவிடும், அடுத்த நாளே வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

"நேரா நின்னு சொன்னீங்களா?"

"சீட்டுக்கு அடியில தலையை விட்டுக்கிட்டே சொன்னேன். அவர் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தார்."

ஆனால் ஆள் திரும்பி வரவே இல்லை. செட்டு மாட்டிக்கொண்டு போகிறவன் ஒருத்தன்கூட ஒரு குறையாவது சொல்லாமல் இருக்க மாட்டான், இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கத் தவம் கிடக்க வேண்டும் என்றார் ஊஃபர். செட்டு வாங்குகிற அன்றும் அப்படித்தானாம். மற்றவர்கள் நான்கு பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். இவர் பாட்டே கேட்கவில்லை. விளக்கு நன்றாக ஆடுமா, வெளியே நிற்கிறவனுக்குச் சத்தம் போகுமா, இந்த இரண்டுதான் கேட்டார். கூட வந்த மச்சானைத் தெருமுனைக்கு அனுப்பி, கேட்கிறதா என்று கை காட்டச் சொன்னார். அந்தப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் நின்று கை காட்டினான்.

வெளியே வந்ததும் பஞ்சர், விளக்குக்காக மட்டும் செட்டு வாங்குகிறவன் அதற்குச் சீரியல் பல்பையே வாங்கி மாட்டியிருக்கலாமே என்றான். தராசு வேகமாக நடந்தார். அவர் அப்படி நடந்தால் தலைக்குள் முள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கிரஷர் வாசலில் எடை மேடை. அதன் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த அக்கா, வெள்ளைத் தூசிக்குள்ளிருந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தார். அந்த வேலையில் தானும் இருந்ததாகத் தராசு சொன்னதும் உள்ளே ஸ்டூல் போடப்பட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒவ்வொன்றையும் காதருகே வந்து சொன்னார்.

செட்டு மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள் மூக்கன் மேடை ஏறியபோது ஜன்னல் கண்ணாடியே நடுங்கியதாம். காதைப் பொத்திக்கொண்டு திட்டினாராம். மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. பரவாயில்லையே, சொன்னால் கேட்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டாராம்.

பஞ்சர் உதட்டைப் பிதுக்கினான். ஃபியூஸ் முதல் நாளே போய்விட்டது. அப்படியானால் டிரைவர் சொன்னது பச்சைப் பொய். சாக்குத் தைக்கிற அக்காவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது என்று அவன் முனகினான்.

"ஆனா ஒன்னு" என்றார் எடை மேடை அக்கா. "பாட்டு இல்லாமலே தாளம் போடுவார். ஸ்டீயரிங்ல விரலைத் தட்டிக்கிட்டு, தலையை ஆட்டிக்கிட்டு வருவார். பாட்டே இல்லை, என்னங்க தாளம்னு கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போறார்."

தராசு ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, டிரைவர் இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் கேட்டார்.

பாறையில் துளை போடுகிற மெஷின் என்றார் அக்கா. இளவயதெல்லாம் அதில்தான் போனது. காதுக்குப் பஞ்சுகூட யாரும் கொடுக்காத காலம்.

முள் நின்றுவிட்டது. தராசு பஞ்சரின் பக்கம் திரும்பினார். "பின்னால கூப்பிட்டா திரும்ப மாட்டான். பாட்டு வாங்கப் போய் விளக்கைப் பார்ப்பான். பாட்டு நின்னு போனதே தெரியாம தாளம் போடுவான். அழுத்தக்காரன் இல்லடா. அவனுக்குக் காதே கேட்கலை."

 பஞ்சர் மெதுவாக, காது கேட்காததை மறைக்க ஒருத்தன் ஸ்பீக்கர் மாட்டினானா என்றான்.

அதேதான் என்றார் தராசு. கூப்பிட்டுத் திரும்பாதவனை, காதில் கோளாறா என்று கேட்பார்கள். பாட்டை அலறவிடுகிறவனை அப்படிக் கேட்க மாட்டார்கள். பாட்டுப் பைத்தியம் என்று திட்டிவிட்டுப் போவார்கள். காது கேட்காதவனுக்கு உரிமம் கிடையாது. உரிமம் இல்லை என்றால் மூக்கன் வெறும் இரும்பு.

பஞ்சருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டாக்டர் ஒருத்தர் காதைப் பார்த்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, கத்தியது கேட்கவில்லை, கொலை இல்லை என்றான். எடை மேடை அக்கா அந்த உற்சாகத்தில் கையை வைத்தார்.

"காது கேட்காட்டி என்ன தம்பி? தட்டினா தெரியுமே."

அவர் சொன்னது இது. மைத்துனன் வாயால் சைகை சொன்னதே இல்லை. வண்டி பின்னால் போகும்போது பின்கதவில் கையால் அறைவான். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். டிரைவர் ஒரு உள்ளங்கையைப் பின்னால் விட்டு முதுகுப் பக்கத் தகரத்தில் ஊன்றிக்கொண்டு பின்னால் எடுப்பார். இரண்டு தட்டு விழுந்த இடத்தில் மூக்கன் ஆணி அடித்த மாதிரி நிற்கும். மற்ற டிரைவர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். சமீபமாகத்தான் அது கெட்டது. இரண்டு தடவை வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் இடித்தது. அதில்தான் அந்தச் சண்டையே. தட்டினேன் என்று இவன், தட்டவே இல்லை என்று அவர். இனிமேல் நீ வண்டி எடுக்காதே, முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று இவன் சட்டையைப் பிடித்தான்.

"அன்னிக்கும் தட்டினானா?" என்றார் தராசு.

"இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ரெண்டு இல்லை, விடாம தட்டினான். ரெண்டு கையாலும். போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

 திரும்பும் வழியில் பஞ்சர்தான் அதைச் சொன்னான். பல வருஷமாகத் தட்டைக் கையால் கேட்டவனுக்கு அன்று மட்டும் ஏன் கேட்கவில்லை? கேட்டும் நிறுத்தவில்லை என்றால் இன்ஸ்பெக்டர் சொன்னதே சரியாகிவிடுகிறது.

"அப்போ கொலைதானாண்ணே?"

தராசு நேரே கொட்டகைக்குப் போனார். தரையில் கிடந்த கழிவு நூலை உருட்டிப் பஞ்சரின் இரண்டு காதிலும் அடைத்தார். மூக்கனுக்குள் ஏறி, கண்ணை மூடி, ஒரு கையை முதுகுப் பக்கம் ஊன்றி உட்காரச் சொன்னார். தட்டுத் தெரிந்தால் மற்றக் கையைத் தூக்க வேண்டும். பின்னால் போய்ப் பின்கதவில் அறைந்தார். இரண்டு தடவை. கை எழும்பவில்லை. இன்னும் ஓங்கி அறைந்தார். விடாமல் அறைந்தார். உள்ளங்கை சிவந்து எரிந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் பஞ்சர் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மூலையில் மூக்கன் வயதிலேயே ஒரு துருப்பிடித்த வண்டி கிடந்தது. தகரம் அப்படியே தகரமாக இருந்தது. பஞ்சரை அதில் ஏற்றினார். முதல் தட்டிலேயே அவன் துள்ளிக் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். காதிலிருந்து நூலைப் பிடுங்கிக்கொண்டே இறங்கி வந்தான்.

"முதுகெலும்பைக் கூப்பிட்டுத் தட்டின மாதிரி இருந்துச்சுண்ணே. நீங்க அதுல எப்போ தட்டப் போறீங்க?"

"அதுல தட்டி முடிச்சுட்டேன்."

பஞ்சர் மூக்கனைப் பார்த்தான். தராசு நீட்டிய சிவந்த கையைப் பார்த்தான். மூக்கனுக்குள் தலையை விட்டு, முதுகுப் பக்கத்து மெத்தைத் துணியின் ஓரத்தைத் தூக்கினான். ஊஃபரின் பெருமை கறுப்பாக, தடியாக, ஒரு இடம் விடாமல் ஒட்டியிருந்தது. தலையணையில் குத்தின மாதிரி. துணியை மறுபடி மூடினான்.

தட்டினேன் என்றவனும் பொய் சொல்லவில்லை. தட்டவில்லை என்றவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர் இருந்தது. காதை மறைக்க வைத்த செட்டு, காதுக்குப் பதிலாக இருந்த கையையும் செவிடாக்கிவிட்டது.

மனைவி ஸ்டேஷன் வாசலில், வரிசையாகப் போட்ட பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தராசு பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு ஓடவில்லை என்றார். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த மாதிரிதான் இருந்தது. காதைப் பற்றிச் சொன்னார். அதுவும் தெரிந்திருந்தது. பத்தடி தூரத்தில் பிள்ளை அழுதால் திரும்பாதவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது எப்படித் தெரியாமல் இருக்கும்? தராசுக்குக் கோபம் வந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி என்றார்.

"சொன்னா வண்டி போயிடும் சார். பாட்டு ஓடுச்சுன்னு ஆயிட்டா, விபத்துன்னு விட்ருவாங்க. திரும்ப ஓட்டலாம்னு நினைச்சேன்."

அவளே தொடர்ந்தாள். "செட்டு மாட்டுற யோசனை என்னுது. முதலாளி ரெண்டு மூணு தடவை கூப்பிட்டு இவர் திரும்பலை. ஆளுங்க ஜாடை பேச ஆரம்பிச்சாங்க. அதான், பாட்டை வெச்சுக்கங்க, கேட்கலைன்னு சொல்லிக்கலாம்னேன். தம்பிக்குப் பிடிக்கலை. ஓட்டினது போதும், நான் ஓட்டக் கத்துக்கிறேன் மாமான்னு சொல்லிட்டே இருந்தான்."

தராசு ரப்பரைப் பற்றிச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றேதான் என்று தெரிந்துவிட்டதால் சுருக்கமாகவே சொன்னார். அவள் கையைத் தூக்கித் தலைமுடியில் இருந்த ஒரு சணல் நூலை எடுத்து, அதை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். பஞ்சர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் தொடவில்லை.

பிறகு, இனி என்ன ஆகும் என்று கணக்கைக் கேட்டாள். தராசு மறைக்கவில்லை. டாக்டர் காதைப் பார்த்துச் சொல்லி, ரப்பரையும் காட்டினால் கொலை வழக்கு நிற்காது. ஆனால் காது கேட்காமல் வண்டி ஓட்டி ஓர் உயிரை எடுத்தான் என்று தனி வழக்கு வரும். தண்டனை குறையும், தப்பிக்க முடியாது. உரிமம் போனது போனதுதான்.

"காதை மட்டும் சொல்லிட்டு, அந்த ரப்பரைச் சொல்லாம விட முடியாதா?"

"தட்டினதை ஒருத்தர் பார்த்திருக்காங்கம்மா. போலீஸ்ல சொல்லியும் ஆச்சு. காது கேட்காதவனுக்கும் தட்டு தெரியும்னு கோர்ட்ல ஒருத்தன் எழுந்து கேட்பான். அதுக்குப் பதில் ரப்பர்தான். வேற பதில் இல்லை."

"அவர் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கார் தெரியுமா சார்? தம்பி தட்டலைன்னு. முதல் நாள் கோபத்துல தட்டாம நின்னுட்டான்னு. அந்த நினைப்புலதான் ஒரு வாய் சோறாவது உள்ள இறங்குது. அதையும் எடுத்துட்டு எதைக் கொடுக்கப் போறீங்க?"

தராசின் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரிடம் உண்மையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். கண்டுபிடித்ததை என்ன செய்வது என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். அவர் தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, டிரைவரைப் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் லாக்கப் வரை விட்டார். டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கம்பியருகே போய்ப் பஞ்சர் "மாமா" என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே கையை நீட்டி ஆட்டினாள். நிழல் சுவரில் விழுந்ததும் அவர் திரும்பினார். எழுந்து வந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கல் பிளந்த கை. நகத்தில் இன்னும் கிரஷர் தூசி.

தராசு அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, காதைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றும் டாக்டர் வருவார் என்றும் சொன்னார். டிரைவரின் பார்வை தராசின் உதட்டிலேயே இருந்தது. படித்து முடித்ததும் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இத்தனை நாள் கட்டிக் காத்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி அவர் தோள் தாழ்ந்தது. வண்டியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டது வேறு. தன் குரல் தனக்கே கேட்காதவர் பேசுகிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

"கிரஷருக்குப் போயிருப்பீங்களே. யாராவது பார்த்தாங்களா? அவன் தட்டினானா?"

வெளியே மேசையில் எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்தினார்.

தராசு குனிந்தார். "தட்டினான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"கீழ பார்த்துப் பேசாதீங்க சார். நேரா பார்த்துச் சொல்லுங்க. தட்டினானா இல்லையா? உங்களைத்தான் கேக்கிறேன். தம்பி, நீயாவது சொல்லு."

பஞ்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டிரைவர் கம்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு உதடாகத் தேடினார். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் மனைவியின் உதட்டுக்கு வந்து நின்றார். அவளும் வாயைத் திறக்கவில்லை. கிட்டே வந்து, அவர் பிடித்திருந்த கம்பியில் உள்ளங்கையால் அறைந்தாள்.

இரண்டு தட்டு.

நடுவில் ரப்பர் எதுவும் இல்லை. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.